பதின்மூன்றில் கேட்ட சீட்டு

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இன்று தீப்பெட்டி தேடியபோது ஒரு பிஸ்கட் டின் கையில் பட்டது. திறந்தால் நம் சீட்டுக்கட்டு. புகையும் ஏலக்காயும் கலந்த அதே வாசனை. நீ போனபின் அதை நான் தொடவே இல்லை.

கப்பலில் வேலை பார்த்த உன் தம்பி லீவில் வந்தபோது சொல்லிக்கொடுத்த ஆட்டம். இருபத்தொன்றைத் தாண்டாமல் அதற்குக் கிட்டத்தில் போய் நிற்பவருக்கு வெற்றி. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஏஸ் மட்டும் பதினொன்று. கணக்கு தாண்டினால் ஒன்றாகக் குறைந்துகொள்ளும். நான் பதினேழு வந்தாலே போதும் என்று உட்கார்ந்துவிடுவேன். நீயோ ஏஸும் ஆறும் வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டு கேட்பாய்.

"பதினேழு கையில இருக்குல்ல புள்ள, ஆசைப்படாத" என்பேன்.

"ஏஸு இருக்கைல என்னங்க பயம்? கூடிப்போனா அதுவே கொறஞ்சுக்கிரும்" என்பாய். பந்தயம் வைத்த ஏலக்காயை ஆட்டம் முடியுமுன்னே மென்று தின்றுவிடுவேன். அதற்கும் திட்டு வாங்குவேன்.

அந்த வறட்சி வருடம் போடிமெட்டுக்கு மேலே நம் தோட்டத்தில் செடிகளெல்லாம் தீய்ந்து சாய்ந்தன. விற்றுவிட்டுப் போடியில் போய் இருக்கலாம் என்றேன் நான். மறுபடி நடுவோம் என்றாய் நீ. வாங்குவதற்கு ராசிங்காபுரத்து ஆள் சாயங்காலம் பேச வருவதாக இருந்தது. மத்தியானம் வரை வாய்ச்சண்டை. கடைசியில் நான்தான் சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டேன்.

"ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா வித்துருவோம். நீ ஜெயிச்சா நாத்து."

நீ சிரிக்கக்கூட இல்லை. "போடுங்க" என்றாய்.

எனக்கு மேலே தெரிந்தது ராஜா. இன்னொரு சீட்டு கவிழ்ந்து கிடந்தது. உனக்கு ஏஸும் ஏழும். பதினெட்டு! யாராக இருந்தாலும் அதோடு நின்றுவிடுவார்கள். நீ என் ராஜாவை ஒரு பார்வை பார்த்தாய். "இன்னொன்னு."

அஞ்சு விழுந்தது. ஏஸ் ஒன்றாகிப் போனது. பதினெட்டாக இருந்த கை பதின்மூன்று. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். முதலில் கேட்ட சீட்டுக்கு ஏஸ் துணை இருந்தது. இனிமேல் கேட்பதற்கு ஒரு துணையும் கிடையாது. ஒன்பதோ பத்தோ வந்தால் தோட்டம் போயிற்று. நீ முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாய். சாப்பாட்டில் உப்பு கேட்பது மாதிரி அதே குரலில், "இன்னொன்னு" என்றாய்.

எட்டு. இருபத்தொன்று.

என் கவிழ்ந்த சீட்டைத் திருப்பினேன். பத்து. ராஜாவோடு சேர்த்து இருபது. பதினெட்டிலேயே நின்றிருந்தால் நீ தோற்றிருப்பாய்.

"எப்பிடி புள்ள தெரிஞ்சுச்சு?"

"ஒன்னும் தெரியலைங்க. நிக்கிறதுக்குப் பதினெட்டு பத்தாதுன்னு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு" என்றபடி அடுப்படிக்குப் போனாய். வந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

நீ ஜெயித்ததை நான் மறந்திருப்பேன். அதிர்ஷ்டம் யாருக்கும் அடிக்கும். பதின்மூன்றில் உன் குரல் நடுங்கவில்லை பார், அதை நினைத்தால் இன்றைக்கும் மலைத்துப்போகிறேன். அத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும், நீ எவ்வளவு பெரிய ஆள் என்பதை அந்த ஒரு நிமிடத்தில்தான் பார்த்தேன்.

இந்தக் கோடையிலும் பாதிச் செடி போய்விட்டது. காலையில் நம் மகன் போன் செய்தான். "அம்மாவும் இல்ல. ஒத்தையில கெடந்து என்ன செய்யப் போறீங்கப்பா? வித்துட்டு வெரசா எறங்கி வாங்க." அவன் சொல்வதில் தப்பே இல்லை. இதுவரை நான் தப்பாக ஆடியபோதெல்லாம் தாங்கிக்கொள்ள நீ இருந்தாய். இப்போது என் கையில் இருப்பது பதின்மூன்று. ஏஸ் இல்லை.

டின்னை மூடி வைத்துவிட்டு, போடி ஜீப்புக்காரனுக்குப் போன் போட்டேன்.

"என்ன லோடுண்ணே?" என்றான்.

"ஏல நாத்து" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. உன் அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.