ஒண்ணுமில்லாத இடமும் உன் அம்மையின் பிடியரிசியும்

செத்த பிறகும் என் உயிரை வாங்குகிற என் அருமைராஜுக்கு,

டைபாய்டு உன்னைக் கொண்டுபோய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. அழுது முடித்தாயிற்று. இப்போது மிச்சம் இருப்பது எரிச்சல்தான். ஒரு வாக்கியத்தை வீட்டுக்குள் எறிந்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அதோடு மாரடிக்கிறவன் நான்.

நினைவிருக்கிறதா? திருச்சியிலிருந்து கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தாய். உங்கள் வீட்டில் ஜெபம் முடிந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக உட்கார்ந்தோம். அம்மை பரலோகத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். நீ வாயில் கிழங்கோடு, "மேல போகப் போகக் காத்து கொறயும் அம்மே. பொறவு ஒண்ணும் கெடயாது. வெறும் வெட்டவெளி" என்றாய். பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். அம்மை என்ன பரீட்சையா எழுதப் போகிறாள்?

உன்னை அடக்கம் செய்த வாரத்திலிருந்து அவள் பிடியரிசி எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டாள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுகிறவள். சனிக்கிழமை அதை வாங்க வந்த பெண்களிடம் வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறாள். "மேல ஒண்ணுமே இல்லண்ணு எம் மவன் படிச்சிட்டு வந்து சொன்னான். ஒண்ணுமில்லாத எடத்துக்கு அரிசி எதுக்கு?"

உங்கள் சபை உபதேசியார், நான் வேலை பார்க்கிற ரேடியோ ரிப்பேர் கடைக்கு நேராக வந்துவிட்டார்.

"லேய் தாணு, ரெண்டு பேரும் கூடிப் படிச்ச படிப்பு இது. நீயே போய்ச் சரியாக்கு."

"நான் இண்டர்மீடியட்ட பாதியில விட்டவன் அய்யா. போதாததுக்கு விபூதி பூசுகவன்."

"படிப்பத்தான விட்ட? வாய விடல்லியே. போ."

கடையில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று ஊரே ரேடியோவில் காதை வைத்திருக்கிறது. உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வு எரிந்துபோகாமல் என்ன செய்யும்? நல்ல வால்வு ஒன்றையும் கெட்டது ஒன்றையும் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனேன்.

"அம்மை, இந்தக் கண்ணாடிக்குள்ள இருந்த காத்த எல்லாம் உறிஞ்சி எடுத்தாச்சு. உள்ள ஒண்ணும் கெடயாது. அதனாலதான் பாட்டு கேக்கு. இன்னா இதப் பாருங்க, காத்து கேறி வெள்ளிப் பூச்சு வெளுத்துப்போச்சு. இது சவம்."

அவள் நல்ல வால்வைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "அப்ப, ஒண்ணுமில்லாம இருக்கதுதான் நல்லதுண்ணு சொல்லுகியா?"

இதற்கு நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? இருந்ததையும் கெடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பினேன்.

பிறகு உன் டிரங்குப் பெட்டியைக் கொடுக்க உன்னோடு படித்த ராமசுப்பு வந்தான். பஸ் நிற்கிற இடத்திலேயே பிடித்துக்கொண்டேன். வெற்றிடம் என்றால் என்ன என்று கேட்டேன். அவன் சொன்னதைக் கேட்டதும் உன்னைத் தோண்டி எடுத்து இரண்டு அறை விடலாம் போலிருந்தது. காற்றை எடு, தூசியை எடு, வெளிச்சத்தை மறை, சூடு இல்லாமல் குளிர வை. எல்லாம் போன பிறகும் அந்த இடம் சும்மா இருக்காதாம். ஒரு நடுக்கம் மிச்சம் இருக்குமாம். எந்தப் பம்பாலும் அதை இழுத்து வெளியே போட முடியாதாம். அணுவுக்குள் இருக்கிற எலக்ட்ரானை அது லேசாகத் தட்டிவிடுகிறதாம். அந்தத் தட்டலை அளந்தே பார்த்துவிட்டார்களாம்.

"அருமைராஜுக்குத் தெரியுமே. ஹாஸ்டல்ல எங்களுக்கே அவன்தான் சொன்னான்" என்றான்.

ஹாஸ்டல் முழுக்கச் சொல்லியிருக்கிறாய். வீட்டில் மட்டும் ஏன் திருத்தவில்லை? அடுக்களையில் நிற்கிறவளுக்குப் புரியாது என்றா?

மறுபடி போனேன். அம்மை உலை வைத்துக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன்.

"அவன் சொன்னது தப்பு அம்மை. ஒண்ணுமே இல்லாத எடம்ணு ஒரு எடம் கெடயாது. எல்லாத்தையும் எடுத்த பொறவும் ஒரு நடுக்கம் கெடக்கும்."

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. "அது அவனா மக்கா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். உபதேசியாருக்கும் சந்தோஷம், எனக்கும் தலைவலி தீரும். ஆனால் நம் சண்டைகளில் இப்படி ஒரு புளுகை நான் விட நீ அனுமதித்திருப்பாயா?

"இல்ல அம்மை. நடுக்கம் நடுக்கம்தான். அது ஆளு இல்ல."

"அப்ப அவன் எங்க?"

"எனக்குத் தெரியாது."

"இல்லண்ணு சொல்லுகியா, தெரியாதுண்ணு சொல்லுகியா?"

"தெரியாதுண்ணுதான் சொல்லுகேன்."

"அவன் ஒரு நாளும் தெரியாதுண்ணு சொன்னதில்ல" என்றாள். பிறகு களைந்த அரிசியை விட்டுவிட்டு, சாக்கிலிருந்து காய்ந்த அரிசியாக ஒரு பிடி எடுத்தாள். "தெரியாத எடம்ணா ஒரு பிடி போடலாம்."

அத்தோடு விட்டாளா? வாரத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறாள். நிலா ஏன் விழவில்லை? சூரியனுக்கும் நமக்கும் நடுவில் காற்றே இல்லையென்றால் வெளிச்சம் எதன்மேல் ஏறி வருகிறது? பாதிக் கேள்விக்கு மேல் எனக்கு விடை தெரியாது. பதில் சொல்ல வேண்டியவன் நீ, சௌகரியமாகப் படுத்துக்கொண்டாய்.

சரி, போகிறேன். கூப்பிடும்போதெல்லாம் போவேன். எனக்குத் தெரியாத எதையும் அவளிடம் இல்லை என்று சொல்லமாட்டேன். இது என் வாக்கு. இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

ஆறு மாதம் இளையவனாக இருந்து, இந்த வருடம் நீ நின்ற வயதைத் தாண்டி மூத்தவனாகிப்போன
உன் அண்ணன்,
தாணு