உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குத் தைத்த கோட்டு

என் பப்பாவுக்கு, பிரியமும் கோபமும் பிரிக்க முடியாமல் கலந்துபோன உங்கள் தெரேஸ் எழுதுகிறேன்.

உங்கள் ஆண்டுப் பூசை ஆகஸ்டில் முடிந்தது. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. வாயில் வந்ததெல்லாம் செத்துப்போன மனிதரிடம் பேசக்கூடாத பேச்சாக இருந்தது. இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறேன். கொஞ்சம்தான்.

முதலில் வீட்டுச் சேதி. ரெட்டியார்பாளையத்து வீட்டுக் கூரை இந்த மழைக்கும் ஒழுகுகிறது. உங்கள் பிரம்பு நாற்காலி கூடத்திலேயே கிடக்கிறது. பைலட் கோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் அதைப் பிரெஞ்சில் 'புளூசோன்' என்பீர்கள், நாங்கள் பைலட் கோட்டு என்போம். பழுப்புத் தோல், இடுப்போடு நின்றுவிடும் உயரம், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பட்டி. வலது கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுத்த திட்டு. அளவு எழுதிய துணிச்சீட்டு எப்போதோ தேய்ந்துவிட்டது. பிரான்சில் விமானப்படைத் தளத்தில் சமையல் சொல்தாவாக, அதாவது சமைக்கிற சிப்பாயாக இருந்த உங்களுக்கு, நீங்கள் வைத்த மீன் குழம்பில் சொக்கிப்போய் ஒரு விமானி தன் உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்தது என்று கதை. இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்! ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குழம்பின் ருசியே நாக்கில் இருக்கும்.

ஆனால் நீங்கள் அதில் கை நுழைத்து நான் பார்த்ததில்லை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்குக் கடற்கரைச் சாலையில் பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கூடும்போது, அந்த வெயிலிலும் அதைத் தோளில் போர்த்திக்கொண்டுதான் நிற்பீர்கள். அது உங்கள் ஸ்டைல் என்று நினைத்தோம்.

கிறிஸ்துமஸ் கூத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பூசை முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், கோட்டு வெளியே வரும். வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராக அதைப் போட்டுக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, விமானம் ஓட்டுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்ட வேண்டும். "நின்னு பாக்காதடா, இது ஒக்காந்து ஓட்டறவனுக்குத் தைச்சது. ஒக்காந்தாதான் அளவு தெரியும்" என்பீர்கள். யாருக்குச் சரியாக இருக்கிறதோ அவருக்கே கோட்டு.

யாருக்கும் சரியாக இல்லை. ரொபேர் அண்ணனுக்குத் தோள் அகலம், கையை நீட்டினால் முதுகில் தோல் விறைத்துக்கொண்டு முனகும். சித்தப்பாவுக்குத் தோள் அமைந்தது, உட்கார்ந்ததும் இடுப்புப் பட்டி தொப்பைக்கு மேலே ஏறி நெஞ்சுக்குக் கீழே நின்றுகொண்டது. என் வீட்டுக்காரர் நெட்டை. மணிக்கட்டில் நிற்க வேண்டிய கம்பளி அவருக்கு முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. "மாப்ள, நீங்க ஓட்டுனா பிளேன் கடல்லதான் எறங்கும்" என்று நீங்கள் சொல்ல, பாவம், அவரும் சிரித்தார். ஜிப் யாருக்கும் மேலே ஏறியதில்லை. அது விமானத்திலேயே கெட்டுப்போனது என்று அதற்கும் ஒரு கதை வைத்திருந்தீர்கள்.

சமையலறை வாசலில் அம்மா நின்று பார்ப்பாள். "போதும், மடிச்சி வைங்க, சோறு ஆறுது" என்பாள். வேறு எதுவும் சொன்னதில்லை.

போட்டுப் பார்க்க ஆண்கள். பூசணம் துடைக்க நான். ஐப்பசி மழையில் தோல் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்து, பழைய வேட்டியில் சுற்றி வைப்பது என் வேலை. பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் ஒருநாள், துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். தோள் நின்றது. கை நின்றது. ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். "கீழ இருக்கற பல்ல கட்டவெரலால அமுக்கிக்கினு இழு" என்று சொல்லி, அவளே அமுக்கி, கழுத்து வரைக்கும் சர்ரென்று ஏற்றிவிட்டாள். அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

"கழட்டு. அது ஆம்பளைங்களுக்குத் தைச்சது."

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். கெட்டுப்போன ஜிப்பின் சூட்சுமம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆண்டுப் பூசைக்கு வருவோம். பிரான்சிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தான். மூத்த பிள்ளை, கோட்டு தனக்குத்தான் என்று ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தான். பூசை முடிந்து வந்ததும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். இப்போது இன்னும் பெருத்துவிட்டானா, ஒரு கைகூட முழுதாக நுழையவில்லை. அண்ணிதான் வழி சொன்னாள்: பை தைக்கிற இடத்தில் கொடுத்து, இரண்டு பக்கத்தையும் பிரித்து வேறு தோல் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

"தோலு துணி இல்லண்ணே. பிரிச்சா ஊசி ஓட்டை மூடாது. அப்புறம் அது அந்தக் கோட்டாவே இருக்காது" என்றேன்.

"ஒனக்கென்ன? நீயா போட்டுக்கப் போற?" என்றான். அப்படியே உங்கள் குரல், பப்பா.

உங்களோடு அதே தளத்தில் சமைத்த சூசை மாமா, கருவடிக்குப்பத்திலிருந்து வந்திருந்தார். கையில் இட்லித் தட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டேய் ரொபேர், அத ஏன்டா பிரிக்கற? அது ஒங்கம்மா கோட்டுடா."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "கல்யாணம் ஆகி ஒங்கம்மா அங்க வந்த புதுசு. விடியகாலைல ஒரு பள்ளிக்கூடத்துல தரை கழுவற வேல. வெளிய பனி கொட்டும். ஒங்கப்பன் பழைய சாமான் சந்தையெல்லாம் அலைஞ்சி இத வாங்கியாந்தான். சின்ன சைசு, எந்த வெள்ளக்காரனுக்கும் ஏறல. ஒங்கம்மாவுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சி. ஊருக்குத் திரும்பற வரைக்கும் குளிர் வந்தா இதான் அவங்க ஒடம்புல."

"அப்ப இந்தத் திட்டு?" என்று அண்ணன் கோட்டின் கையைக் காட்டினான். உயரத்தில் பனி பட்டு வெளுத்தது என்று நீங்கள் சொன்ன திட்டு.

"பனியாவது ஒண்ணாவது. ழாவெல்டா. தரை கழுவற வெளுப்பு மருந்து. வாளியில கைய விட்டா தெறிக்காதா?"

அண்ணன் கோட்டைக் கழற்றினான். மடிக்கக்கூட இல்லை, நாற்காலியில் போட்டான். "பசங்ககிட்ட பைலட் கோட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். கழுவற வேலைக்குப் போட்டுட்டுப் போனத அங்க எடுத்துட்டுப் போயி என்ன பண்றது? நீயே வச்சிக்கோ தெரேஸ்" என்றான். இப்படித்தான் பப்பா கோட்டு எனக்கு வந்தது. எனக்குப் பொருந்தியதால் இல்லை. அம்மாவுடையது என்று தெரிந்ததும் அதன் மதிப்பு போய்விட்டதால்.

அவனிடம் எனக்குக் கோபமில்லை. அவன் உங்கள் பிள்ளை, உங்கள் வெட்கம்தான் அவனுக்கும். நீங்கள் பட்டாளத்துக்குச் சமைத்ததைப் பெருமையாகச் சொன்னீர்கள். அம்மா பள்ளிக்கூடம் கழுவியது மட்டும் எப்படி வாயில் வராமல் போனது? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் கோட்டை அவள் கண்ணெதிரே ஆண்களுக்கு ஏலம் விட்டீர்களே, ஒரு தடவையாவது அவள் பக்கம் திரும்பிப் பார்த்தீர்களா? அவள் ஏன் வாயே திறக்கவில்லை? உங்கள் கதையைக் காப்பாற்றினாளா, இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாளா? கேட்க இப்போது இரண்டு பேருமே இல்லை.

எனக்கு நெஞ்சு எரிவது இன்னொன்றுக்கு. பெண்டாட்டிக்குக் குளிருகிறதே என்று சந்தை சந்தையாக அலைந்து, அவள் அளவுக்கு ஒரு கோட்டைத் தேடிப் பிடித்த ஒரு வாலிபன் இருந்திருக்கிறான். அவனை எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டீர்கள். அவன் இடத்தில், மீன் குழம்புக்குப் பரிசு வாங்கிய ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தீர்கள். நிஜம் எவ்வளவு நன்றாக இருந்தது, பப்பா! அந்த வாலிபனுக்கு மகளாக இருக்க நான் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன்.

எல்லோரும் போன பிறகு போட்டுப் பார்த்தேன். கீழ்ப் பல்லைக் கட்டைவிரலால் அமுக்கி இழுத்தேன், ஏறிவிட்டது. கையில் தோல் மடிந்து மடிந்து விழுந்திருக்கும் கோடுகள் என் முழங்கை மடியும் இடத்திலேயே இருக்கின்றன. அவள் கை மடங்கி மடங்கி விழுந்த கோடுகள். உங்கள் நாற்காலியில் நான் உட்காரவில்லை. கூடத்தில் நின்றுகொண்டே அழுதேன்.

உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத் தைத்தது என்பீர்களே. உங்களுக்கு ஒரு கால் விழுந்த பிறகு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு யார் ஸ்கூட்டரில் போனோம், பப்பா? நான் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். மார்கழி விடியலில் எதிர்காற்று என் நெஞ்சில் ஊசியாகக் குத்தும், கோட்டு வீட்டில் வேட்டிக்குள் சுற்றிக் கிடக்கும். அத்தனை நாளில் ஒருநாளாவது "அத எடுத்துப் போட்டுக்கம்மா" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையே.

கல்லறைத் திருநாள் வருகிறது. நீங்களும் அம்மாவும் ஒரே கல்லறையில்தான் இருக்கிறீர்கள், நான் வந்தால் இரண்டு பேரும் பார்த்தே ஆக வேண்டும். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்தக் கோட்டைப் போட்டு, கழுத்து வரைக்கும் ஜிப்பை ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டரில் வருவேன். உங்கள் கூட்டாளிகள் கேட்பார்கள், அது உங்கப்பன் கோட்டாச்சே என்று. எங்கம்மாவுடையது, தரை கழுவப் போகும்போது போட்டது என்று அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொல்வேன். எங்கப்பா அவளுக்காக அலைந்து வாங்கியது என்பதையும் சொல்வேன். நீங்கள் சொல்லாமல் போனதை நான் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோட்டுக்காரியின் மகள்,
உங்களுக்கும் மகள்,
தெரேஸ்