துண்டுக்கு அடியில் ஒரு கம்பியில்லாத் தந்தி

போடி, 1942

அக்டோபர் 15, வியாழன்

காலையிலிருந்து தூறல். மேற்கே மலை தெரியவில்லை. ரேடியோ பாட்டரி மில்லில் சார்ஜ் ஆகி வந்தது. கடையில் தீபாவளிச் சரக்கு பாதிதான். மதுரையில் துணி இல்லையாம். விலையைக் கூட்டிக் கேட்டால் இருக்கிறதாம்.

செய்ய வேண்டியவை:
ஏரியல் மூங்கிலுக்குப் புதுக் கயிறு.
கமலத்துக்கு மூக்குக் கண்ணாடி. (போன மாதமும் இதே வரி.)
ரேடியோ லைசென்ஸைத் தேடி எடுப்பது.

மூன்றாவது, ஏட்டு மாயாண்டியின் உபயம். மத்தியானம் குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"மொதலாளி, புது இன்ஸ்பெக்டரு வந்திருக்காக. ஊருக்குள்ள ரேடியோ வச்சிருக்கவுக அத்தன பேரையும் விசாரிக்கணுமாம்."

"எத்தன பேரு வச்சிருக்கோம்?"

"நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப அத்தன பேரும் தயாரா இருக்கோம்னு சொல்லுங்க."

அக்டோபர் 16, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயது, தஞ்சாவூர்ப் பக்கம். தூக்கமில்லாத கண். கையில் ஒரு சர்க்குலர்: யுத்த காலத்தில் எதிரி பயன்படுத்தக்கூடிய புதுக் கருவிகளைப் பற்றி. கெட்டிக்காரர்தான். படிக்கக் கொடுத்ததை முழுக்கப் படிக்கிறார். அதுதான் சிக்கல்.

ரேடியோவைச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இது சேதி வாங்குது. திருப்பி அனுப்புமா?"

"அனுப்பாது சார். இது காது. வாய் கிடையாது."

"காது இருக்கிற எதுக்கும் ஒரு வாய் இருக்கும், சார்."

உள்ளேயிருந்து கமலம்: "வாய் மட்டும் இருந்து காதே இல்லாத ஒருத்தரு இந்த வீட்டுல இருக்காக. அவுகளயும் எழுதிக்கிருங்க."

இன்ஸ். எழுதவில்லை. தீப்பெட்டி அளவில்கூட சேதி அனுப்பும் கருவி வந்துவிட்டதாக சர்க்குலரில் இருக்கிறதாம். என் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். குச்சிகள். மூடித் திருப்பிக் கொடுத்தார். ஒரு குற்றவாளி தப்பித்தான்.

பிறகு மூங்கிலை இறக்கச் சொன்னார். லைசென்ஸ் பெட்டிக்குத்தான், மூங்கிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாகப் போய்விட்டார். மூங்கில் நிற்கிறது.

சாயங்காலம் வக்கீல் வீட்டில் பாதுகாப்புச் சட்ட விதிகளை வாங்கிப் படித்தேன். நல்ல இங்கிலீஷ். ஒருவனைப் பிடித்து வைக்க அவன் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. செய்துவிடுவான் என்று சர்க்காருக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும். கமலத்துக்குக் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் திருப்தி ஏற்பட்டதில்லை. அதனால்தான் வெளியே இருக்கிறேன் போலும்.

அக்டோபர் 17, சனி

மழை இல்லை. சாயங்காலம் கடையில் கூட்டம். திருச்சி நிலையத்தில் கச்சேரி, ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தார்கள். துணி வாங்க வந்தவர் குறைவு, ஓசியில் கேட்க வந்தவர் நிறைய.

தேவசகாயம் வந்தான். (இனி தே.) பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். ஏலக்காய் வியாபாரி. அவன் வேதக்காரன், நான் விபூதி. இத்தனை வருஷத்தில் ஒருவரை ஒருவர் திருத்த முயன்றதில்லை, அதுதான் சிநேகிதம் நிலைத்த காரணம்.

மலைமேல், சமஸ்தான எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து, வர்க்கி என்கிற எஸ்டேட் மேனேஜர் வேட்டி வாங்க வந்தார். தே.யைப் பார்த்ததும் வேட்டியை மறந்தார். தே. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டான். அடியில் விரல் பேச்சு. ஏலக்காய் விலை இந்த ஊரில் வாயால் பேசப்படுவதில்லை. விரலைப் பிடித்து, மடக்கி, தட்டித்தான். மாட்டுச் சந்தையிலும் இதே வழக்கம்தான். முகம் இரண்டும் சுவர் மாதிரி. கொஞ்ச நேரம். வர்க்கி தலையை ஆட்டினார். கை பிரிந்தது. படியவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் மேனேஜர் மலைக்குப் புறப்பட்டுப் போனார். வேட்டியும் எடுக்கவில்லை.

ஓரத்தில் அறிமுகமில்லாத ஒரு ஆள். எல்லாத் துணியையும் தடவிப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் விலை கேட்டார், எதையும் வாங்கவில்லை. கமலத்துக்குச் சொந்தக்காரராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 19, திங்கள்

தே.யைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் ரேடியோவையும்.

துணி தடவிய ஆள் போலீஸ். வேற்று ஜில்லா. அவர் கொடுத்த ரிப்போர்ட்டை இன்ஸ். என்னிடமே வாசித்துக் காட்டினார். மனப்பாடம் ஆகிவிட்டது: ரேடியோவில் பொருள் விளங்காத எழுத்துக்கள் தொடர்ந்து ஒலித்தன. அதே நேரத்தில் ஒருவர் அவற்றை மற்றவருக்குத் துணி மறைவில் விரலால் தட்டி அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் சமஸ்தான எல்லையைத் தாண்டிச் சென்றார்.

"அது ஸ்வரம், சார். ஸ ரி க ம."

"அப்படித்தான் நீங்க சொல்வீங்கன்னும் எழுதியிருக்கார்."

பெட்டி, பாட்டரி, லைசென்ஸ் மூன்றையும் வண்டியில் ஏற்றினார்கள். மாயாண்டி ஏரியல் கம்பியைச் சுருட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போன மாதம்தான் இதே மாதிரி துண்டு போட்டு ஒரு மாடு வாங்கினார்.

மூங்கிலைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

தூறல். ஸ்டேஷனில் தே.யைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் துண்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தான். துண்டு, சாட்சிப் பொருள். அவனைத் துண்டில்லாமல் பார்ப்பது மீசையில்லாமல் பார்ப்பது போலிருந்தது.

என்ன பேசினாய் என்று இன்ஸ். திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். விலை என்கிறானாம். என்ன விலை என்றால் வாயைத் திறப்பதில்லையாம்.

"சொல்லித் தொலையேன்ப்பா. வெறும் விலைதான?"

"வெறும் விலைதான். அதான் சொல்ல மாட்டேன்."

"சொன்னா இன்னைக்கே வீட்டுக்கு வந்துருவ."

"சொக்கு, துண்டுக்குள்ள பேசுனது ரெண்டு பேருக்குச் சொந்தம். வர்க்கி மலைமேல இருக்காரு. அவரு பாதிய நான் எப்படி எடுத்துக் குடுக்க? நாளைக்கு எவன் என் துண்டுக்குள்ள கைய விடுவான்?"

"மதுரை ஜெயிலுக்கு அனுப்பிருவோம்னு சொல்றாரு."

"அங்கன ஏலக்காய் டீ குடுப்பாகளா?"

சிரித்தான். கை தோளுக்குப் போய், அங்கே இல்லாத துண்டைத் தேடியது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

வெளியே வந்ததும் இன்ஸ். ஒரு காகிதத்தை நீட்டினார். தே. விரலால் ரகசியச் செய்தி அனுப்பியதை நான் கண்டதாக வாக்குமூலம். கையெழுத்துப் போட்டால் ரேடியோ இன்றைக்கே வீட்டுக்கு வரும். போடாவிட்டால் லைசென்ஸ் ரத்து, வரவே வராது.

படித்தேன். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினேன். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

கமலத்திடம் சொன்னேன். ரேடியோக் கச்சேரிக்காகவே வெள்ளனக் கஞ்சி காய்ச்சி வைக்கிறவள். "பெட்டி போனாப் போகுது. தேவு அண்ணன மீட்டுட்டு வாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "மூங்கிலயும் குடுத்துராதீக."

அக்டோபர் 21, புதன்

ஒரு யோசனை தோன்றியது. எனக்குத் தோன்றும் யோசனைகளைக் கமலத்திடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

விரல் பாஷையில் ரகசியமே கிடையாது, ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதை இன்ஸ்.க்கே கற்றுக்கொடுத்துவிட்டால் சந்தேகம் தீரும் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். என் துண்டை அவர் கைமேல் போட்டேன். சர்க்காரின் கை சில்லென்று இருந்தது. எந்த விரல் எது, எதைத் தட்டினால் அரை, எதை மடக்கினால் வேண்டாம், எல்லாம். உடனே பிடித்துக்கொண்டார். சர்க்குலரை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று விரலால் கேட்டேன். பாதி பதில் சொன்ன பிறகுதான் கையை இழுத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"ஊருக்கே தெரிஞ்ச பாஷைன்னா துண்டு எதுக்கு?"

"பாஷை ஊருக்குத் தெரியும். பேச்சு தெரியக்கூடாது."

துண்டைத் தூக்கி அடியில் குனிந்து பார்த்தார். ஒரு நல்ல மாணவனைக் கெடுத்துவிட்டோம் என்று அப்போதே பட்டது.

அக்டோபர் 22, வியாழன்

பட்டது சரி. கடைத்தெருவில் மாயாண்டி தமுக்கடித்தார். பாதுகாப்பு விதிகளின் கீழ் உத்தரவு: பொது இடத்தில் இருவர் தங்கள் கைகளைத் துணியால் மறைத்துக்கொண்டு செய்தி பரிமாறக் கூடாது. வியாபாரம் பேசுவோர் கை வெளியே தெரியப் பேச வேண்டும். மறைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை.

கடைசி வரி இன்ஸ். சொந்தமாகச் சேர்த்தது. ஆனாலும் அவரும் அன்றைக்குத் துணி உடுத்திக்கொண்டுதான் வந்திருந்தார்.

உத்தரவில் தெளிவில்லாதவை (என் குறிப்பு):
நாவிதர் துணி போர்த்தி முகம் மழிக்கும்போது வாடிக்கையாளர் கை எங்கே?
மாப்பிள்ளையும் பெண்ணும் கைபிடிக்கையில் மேலே பட்டு கிடந்தால்?
மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போகும் இருவர்?

ஏலக்காய் வியாபாரிகள் மத்தியானம் என் கடையில் கூடினார்கள்.

"நாலு பேரு பாக்க வெலைய விரிச்சா, நாளைக்கு எனக்குச் சரக்குக் குடுத்தவன் என் சட்டையப் பிடிப்பான். அவனுக்குக் கொறைச்சுல்ல குடுத்திருக்கேன்."

"அப்ப நீ ஏமாத்துற."

"நீ ஏமாத்தல?"

"நானும்தான். அதுக்குத்தான துண்டு."

யோக்கியமான கூட்டம். முடிவு: துண்டில்லாமல் கை நீட்டுவதில்லை. வியாபாரம் நிறுத்தம். தே.யை விடும்வரை துண்டு திரும்பினாலும் நிறுத்தம்தான். இது பின்னால் சேர்ந்தது, சேர்த்தது நான்.

அக்டோபர் 25, ஞாயிறு

விடாமல் மழை. மலையிலிருந்து பொதிக் கழுதைகள் இறங்குகின்றன. மூட்டைகள் வாங்க ஆளில்லாமல் குடோன்களில் அடுக்கிக் கிடக்கின்றன. வடுகபட்டியில் பூண்டு வியாபாரிகளும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். கரிவாயுவில் ஓடும் பஸ்ஸின் டிரைவர் சொன்னது. பாதி நம்பலாம்.

ஏலக்காய் விற்காததால் யார் கையிலும் காசில்லை. என் கடையில் தீபாவளி இல்லை. இன்று எதிர்க்கடைக்காரர் என் காதுபடவே சொன்னார்: "இவுக பாட்டுப் பெட்டியாலதான ஊரு கெட்டுச்சு. ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

முடிந்திருக்கும். தே.க்கு.

கோயிலுக்குப் போகவில்லை. தே. வீட்டுக்குப் போனேன். சர்ச்சிலிருந்து அவன் மனைவி அப்போதுதான் வந்திருந்தாள். அழவில்லை. "சொல்லிட்டு வந்துரச் சொல்லுங்கண்ணே" என்பாள் என்று நினைத்துப் பதில் தயாராக வைத்திருந்தேன். "குளுருக்கு ஒரு துண்டு குடுத்தனுப்புனேன். வாங்க மாட்டேன்னுட்டாக. போர்வை குடுக்கலாமாம். போர்வை பெருசில்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 26, திங்கள்

மழை விட்டது. கமலம் மூங்கிலில் சேலையைக் காயப்போட்டாள். பச்சை. இன்ஸ். சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "இது என்ன சிக்னல்?" என்று கேட்டார்.

"சேல காயலன்னு அர்த்தம்" என்றாள்.

அதிகப் பேச்சு வைத்துக்கொள்ளாமல் போய்விட்டார். முன்னைக்கு இளைத்திருக்கிறார். பாவம், மேலே இருப்பவர்கள் பயப்படுகிறார்கள், இவர் ராத்திரிகளில் விழித்திருக்கிறார். பாவப்பட்டதற்காக மூங்கிலை இறக்க முடியாது.

அக்டோபர் 28, புதன்

வெயில். மூட்டைகளில் பூசணம் பிடிக்க ஆரம்பித்ததும் மலைமேல் துரைமார்களுக்கு ராஜ்யத்தின் பாதுகாப்பு பற்றி வேறு அபிப்பிராயம் உண்டாயிற்று. ஒரு துரை காரில் மதுரை போய்க் கலெக்டரைப் பார்த்தாராம். இத்தனை நாள் நாங்கள் கொடுத்த மனுக்களின் கதி தெரியாது. ஏலக்காயின் பூசணம் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது.

மத்தியானம் மறுபடியும் தமுக்கு. துணி மறைப்பு உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ரத்து இல்லை, நிறுத்தி மட்டும். மாயாண்டி இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, தமுக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குரலை இறக்கினார்: "தேவசகாயம் அய்யாவ விட்டாத்தான் கடை தெறப்போம்னு நீங்க சேத்தீகளாமே. அதையும் ஒத்துக்கிட்டாக. இன்னைக்கே விடுறாக."

என் ரேடியோ?

"அதப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்ல மொதலாளி. லைசென்ஸு ரத்துதான்."

சாட்சி கையெழுத்துப் போடாத பெட்டி. சர்க்காருக்குத் திருப்தி ஏற்படும்வரை உள்ளே இருக்கும்.

அக்டோபர் 29, வியாழன்

கடைத்தெரு முழுக்கத் துண்டு. பார்க்க நன்றாயிருந்தது. வர்க்கி மலையிலிருந்து இறங்கி வந்து நேரே தே.யிடம் போனார். பேச்சில்லை. துண்டு, விரல், தலையாட்டல். இந்தத் தடவை படிந்தது. போகும்போது என்னிடம் இரண்டு வேட்டி எடுத்தார், பேரமே பேசாமல்.

தே. சாயங்காலம் கடைக்கு வந்தான். ரேடியோ இருந்த இடம் காலி. அதில் கமலம் தன் புது மூக்குக் கண்ணாடியை வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு மட்டும் சொல்லு. அன்னைக்கு என்ன வெல கேட்ட?"

"ஒனக்கு எதுக்கு?"

"என் ரேடியோ போயிருக்குய்யா."

யோசித்தான். எழுந்துபோய் வர்க்கியைக் கேட்டுக்கொண்டு வந்தான். மனிதர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாராம், சரி என்றாராம். பிறகு தன் துண்டை என் கைமேல் போட்டான். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த துண்டு, ஓரத்தில் சாட்சிப் பொருள் சீட்டைப் பிய்த்த பசை இன்னும் ஒட்டுகிறது.

சொன்னான்.

அந்த விலைக்காகவா என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனும் சிரித்தான். உள்ளேயிருந்து கமலம் என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை.

இங்கேயும் எழுதப்போவதில்லை.