முதுகுக்கறியை அறுத்த கை

விலார்மீர்,
நவம்பர் 1988.

அன்புள்ள எலாதியோவுக்கு ஒப்துலியா எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. சூரிக்கில் வேலை எப்படி, குளிர் எப்படி, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் நான் கேட்டதாக வைத்துக்கொள். முதலில் காளை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வேறு யாராவது கை கால் வைத்து உனக்குச் சொல்வதற்குள் என் வாயால் நீ அதைக் கேட்டாக வேண்டும்.

தேய்பிறையில் வெட்டலாம், அதற்குள் வந்துவிடுவேன் என்று நீதான் எழுதியிருந்தாய். தேய்பிறை வந்தது, பேருந்தும் வந்தது, நீ வரவில்லை. அடுத்த பேருந்திலும் இல்லை. சந்தையிலிருந்து கசாப்புக்காரருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது. வளர்பிறையில் வெட்டினால் கறி கெடாமல் நிற்காது என்று உன் அப்பா பிடிக்கும் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே, அதனால் தள்ளிப்போடவும் முடியவில்லை. என் கையால் புல்லும் முட்டைக்கோஸ் இலையும் தின்று வளர்ந்த காளை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். கண்ணை மூடிக்கொண்டேன். கசாப்புக்காரர் உடலை நாலாகப் பிளந்து, வைக்கோல் கொட்டகையில் வடக்குச் சன்னலோரம் கொக்கிகளில் மாட்டினார். "நல்லா தொங்கட்டும். விறைப்பு விட்டு கறி தானா இளகணும். அவசரப்பட்டு அறுத்தா செருப்பைத்தான் மெல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொங்கட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். கறி தொங்குகிற வரைக்கும் நீ வருவதற்கு நாள் இருக்கிறது அல்லவா. முதுகுக்கறியை இந்த வீட்டு ஆள்தான் அறுக்க வேண்டும், அதை அறுப்பவனுக்குத்தான் பின்னால் வீடு என்பது உங்கள் குடும்பத்து வழக்கம். மாமாவுக்குக் கால் விழுந்ததிலிருந்து அந்தக் கத்தி உன் கத்தி. எங்கே வேலை பார்த்தாலும் நவம்பரில் அதற்காகவாவது வந்துவிடுவாய். கேட்டவர்களிடமெல்லாம், "ரயில் டிக்கெட் கிடைக்கலையாம், இதோ வந்துட்டிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே தெரியாது.

உன் தம்பி ஷெனாரோ அன்றாடம் வந்தான். எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்று நினைக்கிறவன் அவன். கொட்டகையில் நின்று கறியைத் தட்டித் தட்டிப் பார்ப்பான், பிறகு சமையலறைக்கு வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒயின் குடிப்பான். ஒருநாள் மாமாவின் காதில் விழும்படியே, "அண்ணி, அண்ணன் வரப்போறதில்லன்னு ஊருக்கே தெரியுது. உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லலையா?" என்றான். நான் அடுப்பைக் கிளறிக்கொண்டே, "ஊர் வாயை மூட உலைமூடி இல்ல. உன் வாய்க்கு ஒரு மூடி இருக்கும், வேணுமா?" என்றேன். மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சூரிக்கிலிருந்து விடுமுறைக்கு வந்த மார்செலினோவிடம் உன் பழைய கோட்டை மாமாவுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாய். உன்னைப் பற்றி அவனிடம் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சுவிட்சர்லாந்தில் விழும் பனியைப் பற்றியே பேசினான். கோட்டின் பை கிழிந்து தைத்திருந்தது. பொடிப்பொடியான தையல், உள்பக்கம் முடிச்சே தெரியவில்லை. உனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. என் தையல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பிறகுதான் தெற்குக் காற்று அடித்தது. நவம்பரில் இப்படி ஒரு வெக்கை யாருக்கும் நினைவில்லை. சுவரெல்லாம் வியர்த்தது, கொட்டகைக்குள் ஈ வந்துவிட்டது. சல்லாத் துணியைக் கறிமேல் சுற்றினேன். காய்ந்து கறுத்திருந்த மேல்தோடு திரும்பவும் பிசுபிசுக்கத் தொடங்கியது. மேலே பிசுபிசுத்தால் பரவாயில்லை, சீவி எறிந்துவிடலாம். கெடுவது எலும்போரம்தான். ஸ்வெட்டர் பின்னும் ஊசியைத் தொடையில் எலும்பு தட்டுகிற வரை இறக்கி, எடுத்து மோந்து பார்த்தேன். நல்ல வாசனைதான், ஆனால் அடியில் லேசாக ஒரு இனிப்பு. இன்னும் ஒரு நாள் உனக்காகக் காத்திருந்தால் இந்த வருஷத்துச் சாப்பாட்டைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

ஷெனாரோவுக்கு அது கல்யாண வீட்டுச் செய்தி போல ஆகிவிட்டது. "நான் அறுத்துத் தர்றேன் அண்ணி. பெரிய பெரிய துண்டா போட்டு மொத்தத்தையும் ஃப்ரீசர்ல தள்ளி மூடிட்டா முடிஞ்சுது" என்றான். பக்கத்து வீட்டு டோசிந்தா அங்கேதான் இருந்தாள். போன வருஷம் அவள் செய்ததும் அதேதான். புது ஃப்ரீசர் பெட்டி என்ற குஷியில் கன்றுக்குட்டி முழுவதையும் ஒரே நாளில் அடைத்தாள். ஓரமெல்லாம் கல்லாக இறுகியது, நடுவில் இருந்தது சூடு தணியாமல் உள்ளேயே அழுகிப்போனது. "ஏன்டா, என் கன்னு ரெண்டு தடவ செத்துச்சு. இவ காளையும் ரெண்டு தடவ சாகணுமா?" என்று அவனைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு பெட்டி ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் தாங்கும். பத்து வீட்டுல பெட்டி இருக்கு. போய்க் கேளு" என்றாள்.

கேட்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பாய். வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார் என்று பதினைந்து நாளாகச் சொன்னவள், இன்றைக்கே அறுக்கிறேன், உங்கள் ஃப்ரீசரில் இடம் வேண்டும் என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். "எலாதியோ வரல. கறி வைக்க இடம் வேணும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை, அடுத்த வீட்டுக்குப் போனேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எலாதியோ, அவர்கள் கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

மதியத்துக்குள் பின்தொடைகளை இறக்கிச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தோம். ரம்பம், கத்தி, காகிதம் எல்லாம் தயார். முதுகுக்கறியை மேசைமேல் போட்டதும் ஷெனாரோ முந்திக்கொண்டு அதன்மேல் கையை வைத்தான். "இது நீங்க கை வைக்கிற எடமில்ல அண்ணி" என்றான். நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மாமா உன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வாசல் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஷெனாரோ, நீ எலும்பைப் புடி. அவ அறுக்கட்டும்" என்றார்.

அவன் பிடித்தான். நான் அறுத்தேன். முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கினால் தானாக வழிவிட்டது, அவ்வளவு நன்றாக இளகியிருந்தது. தொடையில் எலும்பைச் சுற்றி ஒரு கை அகலம் வெட்டி நாய்க்குப் போட வேண்டியதாயிற்று. மற்றதெல்லாம் பிழைத்தது. சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பெட்டிக்குள் ஒட்டாமல் பரப்பி வைத்து, மீதியைக் கூடை கூடையாக ஊரெல்லாம் சுமந்தோம். ஷெனாரோவும் சுமந்தான், அதையும் சொல்ல வேண்டும். அன்று மாமாவுக்கு முதுகுக்கறியில் ஒரு துண்டு உப்பு மட்டும் போட்டுச் சுட்டுக் கொடுத்தேன். தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "நோட்டரிய வரச் சொல்லு. வீட்டை உன் பேருல எழுதிடறேன்" என்றார். நான் கொஞ்சம் பொறுங்கள் மாமா என்றேன். "யாருக்காகம்மா?" என்று கேட்டார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். ஒரு கடிதம் போய் ஒரு கடிதம் வருகிற அளவுக்கு அவரிடம் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் அவர் பொறுக்க மாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

அங்கே யார் இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. இந்த வீடு எனக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதற்காக என் முதுகு ஒடிந்திருக்கிறது. வரவில்லை என்றால் அதை உன் கையால் எழுது, மார்செலினோவின் வாயில் ஒளிந்துகொள்ளாதே. ஆனால் நீ வர வேண்டும் என்றுதான் இருக்கிறேன், அதை மறைத்து எனக்கென்ன ஆகப்போகிறது.

கடவுள் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்ளட்டும். கட்டட வேலையில் சாரத்தில் ஏறும்போது கவனமாக ஏறு. ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, எலாதியோ வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரியாக்கிவிடு.

இந்த நிமிஷம் வரை உன் மனைவியாக இருக்கும்
ஒப்துலியா