தீயணைப்புக் கூடத்தில் இருபத்திரண்டு படங்கள்

ஜூலை 3, புதன்

ஒருவழியாகத் தோன் ஃபிதெல் என் புகைப்படக் கண்காட்சிக்குத் தீயணைப்புக் கூடத்தின் சாவியைக் கொடுத்தார். பன்னிரண்டாம் தேதியிலிருந்து பத்து நாள். அந்தப் பத்து நாளும் தீயணைப்பு வண்டி வெளியே மழையில் நிற்குமாம். சாவியோடு ஒரு குத்தலும் இலவசம்.

"ஏம்மா நெல்தா, எங்க மூஞ்சிய நாங்க தினம் கண்ணாடில பாத்துட்டுத்தானே இருக்கோம்? அதைக் காசு குடுத்து வேற வாங்கணுமா?"

தீயணைப்புப் படைக்கும் அவர்தான் தலைவர், ஊர்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். இவருடைய அடையாள அட்டைக்குப் படம் எடுத்தது யார்? நான். மூன்று தடவை கண்ணை மூடினார். அந்த மூன்றையும் பெரிதாக்கி நடுச்சுவரில் மாட்டினால் என்ன?

ஜூலை 9, செவ்வாய்

இருபத்திரண்டு படங்களுக்கும் சட்டம் அடித்து முடித்தாயிற்று. கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

எல்லாம் போன பிப்ரவரியில் தோன்யா பெர்த்தாவின் வீட்டை ஊரே கூடி இழுத்துக் கொடுத்த மிங்காவில் எடுத்தவை. கடல் அரித்துக்கொண்டே வந்ததால், அந்த விதவையின் மரவீட்டை அப்படியே உருளைக்கட்டைகள் மேல் ஏற்றி, எட்டு ஜோடி எருது பூட்டி, ஊரே கயிறு பிடித்து மேட்டுக்கு இழுத்தது. பெரிய படம் ஒன்றுதான் எனக்கு உயிர். முழங்கால்வரை சேற்றில் நிற்கும் கிழவர், தூக்கிய கை, இரண்டு எருதுகள், பின்னால் புகைபோக்கியோடு சாய்ந்து வரும் வீடு. அடியில் 'கிழவரும் எருதுகளும்' என்று அச்சடித்து ஒட்டினேன்.

மளிகைக்கடை, படகுத்துறை, பள்ளிக்கூடம், சர்ச் கதவு. எல்லா இடத்திலும் போஸ்டர் ஒட்டியாயிற்று. பார்க்காதவன் குருடனாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

நாலு பேர்.

நாற்பது பேருக்குத் திராட்சை மது வாங்கி, குளிருக்கு அடுப்பு மூட்டி, இருந்த ஒரே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வந்தது நாலு பேர்! ஒருத்தர் பள்ளி ஆசிரியை. ஒருத்தர் படகு வரும்வரை மழைக்கு ஒதுங்கியவர். ஒருத்தன் தீயணைப்பு வண்டிக்குப் பேட்டரி போட வந்தவன். நாலாவது தோன் ஃபிதெல், சாவி பத்திரமா என்று பார்க்க.

"மழை பாரு, அதான் வரல" என்றார். மழையாம்! இந்தத் தீவில் மழைக்குப் பயந்து எவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்? போன வாரம் பன்றி வெட்டியபோது கொட்டுகிற மழையில் தட்டோடு நின்றவர்கள்தானே இவர்கள்?

ஜூலை 13, சனி

யாரும் இல்லை. மிச்ச மதுவை நானே குடித்தேன்.

ஜூலை 15, திங்கள்

விற்றுவிட்டது!

எதிர்க்கரையில் ஓட்டல் வைத்திருக்கும் செஞோர் ஹெல்விக் என்பவர் படகில் வந்தவர், சுவரொட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார். பெரிய படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அதையும் இன்னும் ஐந்தையும் எடுத்துக்கொள்கிறாராம். வரவேற்பறையில் மாட்டப் போகிறாராம். "கிழவர் யாரா இருந்தா என்னங்க, தீவே அந்த முகத்துல இருக்கு" என்றார். ஆறு படத்துக்கும் சிவப்புப் பொட்டு ஒட்டினேன். ஞாயிறன்று வண்டியோடு வருவார்.

போங்கடா. நீங்கள் பார்க்காவிட்டால் உலகத்தில் வேறு கண்ணே இல்லையா? எல்லாவற்றையும் விற்றுத் தள்ளுகிறேன். ஒரு துண்டுகூட இந்த ஊரில் மிஞ்சாது.

ஜூலை 16, செவ்வாய், மாதா திருநாள்

எழுதினால்தான் கோபம் அடங்கும்.

பூசை முடிந்து ரொசால்பா சிகுவாய் வந்தாள். பெரிய படத்திலிருக்கும் தோன் எலெயுத்தேரியோவின் மகள். அவர் மே மாதம் போய்ச் சேர்ந்தார். எனக்குத் தெரியாமல் இல்லை, சவ ஊர்வலம் என் போட்டோக் கடை வாசல் வழியாகத்தான் போனது, கதவைக்கூடச் சாத்தி வைத்தேன். ஆனால் படத்தை மாட்டும்போது அது நினைவுக்கே வரவில்லை. ஏன் வரவில்லை?

ஈரத் தொப்பியோடு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "இந்தச் செவப்பு என்ன?"

"வித்துப்போச்சுன்னு அர்த்தம்."

"எங்கப்பாவையா?"

"படத்தை, ரொசால்பா. படத்தைத்தான்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். "கிழவராம்ல, கிழவர்! பேரு தெரியாதா ஒனக்கு? எருதுக்கே பேரு இருக்கு. இது கிளாவெல், அது பலோமோ. எங்கப்பா மட்டும் பேரில்லாத கிழவரா? எங்க வாசலுக்கு வந்து ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"ஊரு பூரா போஸ்டர் ஒட்டினேனே! வந்தீங்களா யாராச்சும்?"

"போஸ்டரப் பாத்து எவன் வருவான்? பெர்த்தா போஸ்டரா ஒட்டுனா?"

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனாள். ஒரு படம் கோணிக்கொண்டது. திமிர் பிடித்தவள்.

ஜூலை 17, புதன்

பெர்த்தா போஸ்டர் ஒட்டவில்லை. உண்மை. மிங்காவுக்கு முன்னால் மூன்று நாள் வீடு வீடாக நடந்தாள். அதற்குச் சூப்லிகா என்று பெயர். படியில் நின்று, தலையில் இருப்பதைக் கழற்றி, என்ன வேண்டும் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் 'சரி' என்று சொல்லவே மாட்டார். "பாக்கலாம்" என்பார். ஆனால் வந்துவிடுவார். வேலி தகராறில் ஏழு வருஷம் பேசாதவன் வாசலிலும் அவள் போய் நின்றாள். அதைக்கூடப் படம் எடுத்திருந்தேன். 'இதில் ஒன்றுமே நடக்கவில்லை' என்று ஒதுக்கி வைத்தவள் நான்தான்.

சரி, எனக்கும் கேள்வி இருக்கிறது. கல்யாணமாகி ஒசோர்னோவிலிருந்து இங்கே வந்து இருபத்தொரு வருஷம். புருஷன் தெற்கே கப்பல் வேலைக்கென்று போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான், அதற்கே ஒன்பது வருஷம். இத்தனை வருஷத்தில் ஒருத்தராவது என் வாசலில் நின்று 'நெல்தா, நீ வரணும்' என்று கேட்டிருக்கிறார்களா? பெர்த்தாகூட என் கடையைத் தாண்டித்தான் போனாள். மிங்காவுக்கு நானாகத்தான் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனேன். கூப்பிடாத வீட்டு விருந்தாளி. அப்படிப்பட்டவள் வந்து இவர்களைக் கெஞ்ச வேண்டுமாக்கும்?

ஜூலை 19, வெள்ளி

போனேன். நேற்றும் இன்றும். முப்பத்தோரு வீடு.

கோபத்தோடுதான் போனேன், கோபத்தோடுதான் கேட்டேன். தோன் ஃபிதெலுக்கு ஒரே கொண்டாட்டம். "என்னம்மா வேணும்? காதுல விழல, இன்னொரு தரம் சொல்லு." இரண்டு தரம் சொல்ல வைத்தார். "பாக்கலாம், பாக்கலாம்" என்று மீசைக்குள் சிரித்தார்.

ரொசால்பா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. நனைந்துகொண்டே சொன்னேன்: உன் அப்பா படத்தை மாட்டியிருக்கிறேன், ஞாயிறன்று நீ வர வேண்டும். அதை ஓட்டல்காரருக்கு விற்கலாமா என்றும் உன்னைத்தான் கேட்க வேண்டும்.

'பாக்கலாம்' என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் "வேணாம்" என்றாள். கதவைச் சாத்தினாள்.

கேட்டால் இப்படித்தான். கேட்காமலே இருந்திருந்தால் பேசாமல் விற்றிருக்கலாம்.

ஜூலை 20, சனி

பெர்த்தா வாசலில் நிற்கும் படத்தை அச்செடுத்து இருபத்து மூன்றாவதாக மாட்டினேன். 'கிழவரும் எருதுகளும்' என்ற சீட்டைச் சுரண்டி எடுத்தேன். புதிதாகக் கையால் எழுதினேன்: எலெயுத்தேரியோ சிகுவாய், கிளாவெல், பலோமோ. சிவப்புப் பொட்டையும் பிய்த்தேன். கூடவே சட்டத்தின் பூச்சும் கொஞ்சம் வந்துவிட்டது, சனியன்.

ஜூலை 21, ஞாயிறு

கால் வைக்க இடமில்லை. மில்காவோ என்ற உருளைக்கிழங்கு அடை சட்டி சட்டியாக வந்தது. ஆப்பிள் சாராயமும் வந்தது. பார்க்கிற பார்வையா இது? விரலால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு, "ஏய், இது என் முதுகு!" "ஒன் முதுகா? அது எருதோட முதுகுடா" என்று ஒரே கத்தல். ஃபிதெல் தன் முகம் எந்தப் படத்திலும் இல்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். வேறு யார் முகத்தையோ மறைத்துக்கொண்டு நிற்கும் அவருடைய தொப்பியைக் காட்டினேன். அந்தப் படத்தைக் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார்!

செஞோர் ஹெல்விக் மூன்று மணிக்கு வந்தார். பெரிய படம் கிடையாது என்றேன். மற்ற ஐந்தையும் வேண்டாம் என்றார். "சொன்ன சொல் காப்பாத்தத் தெரியாதவங்க வியாபாரத்துக்கு வரக்கூடாது" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எரிச்சல் இரண்டு மடங்கு.

ரொசால்பா வந்தாள். புதுச்சீட்டைப் படித்தாள். கூட்டம் கலையும்போது படத்தை நானே ஆணியிலிருந்து இறக்கி அவள் கையில் கொடுத்தேன். 'நன்றி' என்றாவது சொன்னாளா? கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு மழையில் போய்விட்டாள்.

என்னுடைய ஆகச் சிறந்த படம். போயிற்று.

ஜனவரி 11, சனி

காலையில் ரொசால்பா கடைக்கு வந்தாள். அடையாள அட்டைக்குப் படமாக இருக்கும் என்று விளக்கைப் போட்டு, "உள்ள வந்து உக்காரு" என்றேன். வரவில்லை. படியிலேயே நின்றாள். தூறிக்கொண்டிருந்தது. கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"செஞோரா நெல்தா, எங்கப்பா வீடு கரையில தனியா நிக்குது. இருபத்தஞ்சாம் தேதி அதை எங்க வீட்டுப் பக்கத்துக்கு இழுக்கலாம்னு இருக்கோம். நீங்க வரணும்."

சந்தோஷத்தை அவளிடம் காட்டுவேனா? வெடுக்கென்று கேட்டேன்: "காமிரா எடுத்துட்டு வரணுமாக்கும்?"

"அது ஒங்க இஷ்டம். எனக்குக் கயிறு புடிக்க ரெண்டு கை வேணும்."

இருபத்தொரு வருஷம்! வேண்டுமென்றே அவளை இன்னும் கொஞ்ச நேரம் நனைய விட்டேன்.

"பாக்கலாம்" என்றேன்.

அவள் போனதும் கட்டிலுக்கு அடியிலிருந்து ரப்பர் பூட்ஸை இழுத்து எடுத்தேன். இடது காலில் ஓட்டை. இந்த நேரம் பார்த்தா ஓட்டையாக வேண்டும்? திங்கட்கிழமை முதல் வேலையாகப் புதுசு வாங்க வேண்டும்.