ஜீப் பிள்ளைகளின் எட்டுச் சேலைகள்

என் மதினி முத்துலட்சுமிக்கு,

கோபம் தீராமல் போனவர்களுக்குக் கடிதம் எழுதலாமா, கூடாதா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காவிட்டால் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை.

நீங்கள் போன மறுவாரம் திங்கட்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் உங்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம் இருந்தோம். ஒரு நிமிடம் ஆவதற்குள் ஒன்றாம் வகுப்பில் யாரோ ஏப்பம் விட, வரிசை முழுக்கச் சிரிப்பு. நான் திட்டவில்லை. அப்புறம் என்னைப் பேசச் சொன்னார்கள். நம் பள்ளியில் காலை உணவு சமைத்தவர், என் அண்ணன் மனைவி, நல்லவர் என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். டீச்சருக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி என்று மகளிர் குழுவில் பேசிக்கொண்டார்களாம். உரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

உங்களுக்குப் பதிலாகக் குழுவிலிருந்து செல்வி வருகிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் புதன்கிழமைப் பொங்கலில் மிளகைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்கு வருகிறாள். அடுப்பு பற்றவைத்து, கழுவி, வேகவைத்து, எட்டேகாலுக்குத் தட்டு போட்டுவிடுகிறாள். செல்போனில் படம் எடுத்து ஏற்றுகிற வேலை மட்டும் அவளுக்கு ஓடுவதில்லை. நான் வந்துதான் ஏற்ற வேண்டும். அதில் சமையலர் என்ற இடத்தில் இன்னும் உங்கள் பேர்தான் வருகிறது. மாற்றச் சொல்லி எழுதிப்போட வேண்டும், வேண்டும் என்று நாள் போகிறது.

ஆண்டு விழா தள்ளிப் போயிருக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மிக்குப் பழகுகிறார்கள். பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வழக்கம்போல ஏழு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் காப்பிக்காக. இதையெல்லாம் யாரிடம் சொல்வது? உத்தமபாளையத்தில் என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சரி, சரி என்று டிவியைப் பார்ப்பார். நீங்கள் என்றால் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் சொல்வீர்கள்.

சரி, சேலை விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு நான் இரண்டாம் வகுப்பு பீரோவைத் திறந்தது படம் போட்ட அட்டைகளைத் தேடி. பார்வைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. கீழ்த்தட்டில் ஏழு பழைய சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றில் ஒரு முனை ஈரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சமையலறைக்குப் பின்னால் கம்பியில் எட்டாவதாக இன்னொன்று காய்கிறது. ஊரில் குடிதண்ணீர் வண்டிக்குக் காத்துக்கிடக்கிற மாதம். பள்ளித் தொட்டித் தண்ணீரில் மதினி வீட்டுத் துணியைத் துவைத்து, வகுப்பறையில் அடுக்கி வைத்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? நான் நாத்தனார் இல்லையா?

உண்மையைச் சொல்கிறேன், தண்ணீருக்காக எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. அடுக்கில் மூன்றாவதாக இருந்தது அந்தப் பச்சைச் சேலை. நீங்களும் அண்ணனும் வீடு கட்டிக் குடிபோனபோது நான் உத்தமபாளையத்தில் நாலு கடை ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்தது. ஒரு விசேஷத்துக்கும் நீங்கள் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை. அது இங்கே கரித்துணியோடு கிடக்கிறது. பார்த்ததும் சுருக்கென்றது.

அதனால்தான் மெமோ கொடுத்தேன். நான் பிறந்த ஊரில், பொறுப்புத் தலைமை ஆசிரியை என்று முத்திரை குத்தி, சொந்த அண்ணன் பெண்டாட்டிக்கு மெமோ. வகுப்பறையைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று எழுதினேன். கொத்துச்சாவியைத் திருப்பித் தந்துவிட வேண்டும், இனி சமையலறைச் சாவி மட்டும்தான், விதிப்படி எட்டு மணிக்கு முன்னால் ஒரு பிள்ளையும் உள்ளே வரக்கூடாது என்றும் எழுதினேன். நம் ஊரில் இப்படி ஒரு கூத்து நடந்திருக்குமா?

நீங்கள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே முழுதும் படித்தீர்கள். சண்டைக்கு வருவீர்கள் என்று நான் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்கன கையெழுத்துப் போடணும், டீச்சர்?" என்றீர்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னை டீச்சர் என்றீர்கள். அதிகாரி எதிரில்கூட வசந்தா, வசந்தா என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்குவீர்களே. கையெழுத்துப் போட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டு, எட்டுச் சேலையையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போனீர்கள். விளக்கம் வரவில்லை.

ஒன்பது நாள் நாம் பேசவில்லை. எனக்குத் தட்டில் வைக்கிற கிச்சடியை மட்டும் மேசையில் நங்கென்று வைத்துவிட்டுப் போனீர்கள். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த ஒன்பது நாளில் என்ன நினைத்தீர்கள்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மதினி? இல்லை, நான்தான் கேட்டிருக்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் போன் செய்தார். நெஞ்சு அடைக்கிறது என்கிறாள், ஆட்டோவில் ஏற்றிவிட்டேன் என்றார். நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நிற்கும்போது ஆட்டோ வந்தது. நீங்கள் வழியில் ஓடைப்பட்டியைத் தாண்டும்போதே போய்விட்டீர்கள் என்று உள்ளே சொன்னார்கள். எல்லோரும் அழுதார்கள். நான் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டேன். மாலை வாங்க ஆள் அனுப்பினேன். எல்லாம் கச்சிதமாகச் செய்தேன்.

அதற்கப்புறம் பள்ளியில் ஒன்று கவனித்தேன். முதல் பாடவேளையிலேயே சில பிள்ளைகள் தூங்கி விழுந்தார்கள். ஒன்றாம் வகுப்பு தர்ஷினி அ, ஆ எழுதிக்கொண்டே பலகையில் சாய்ந்துவிடுவாள். போய் முகம் கழுவிட்டு வா என்று அனுப்புவேன். திரும்பி வந்து ஈர முகத்தோடு தூங்குவாள். வீட்டில் செல்போன் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன். கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்கள் மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்தில் கூலி வேலையில் இருந்தார்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்காக முந்தின நாளே வந்து அண்ணன் வீட்டில் படுத்தேன். விடியும் முன்னால் விழிப்பு வந்துவிட்டது. கோலப்பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடினேன், கிடைக்கவில்லை. சும்மா நடந்து பள்ளிப் பக்கம் போனேன்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில், எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பை. நாலைந்து பேர் கேட்டுக் கம்பியில் தலை சாய்த்துத் தூக்கம். மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளைகளின் காலுக்கு ஒரு முழம் தள்ளித் திரும்பியது. ஈசுவரி தன் துண்டை எடுத்து மகள் தர்ஷினிக்குச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். ஜீப்பில் ஆரன் அடிக்கிறார்கள். அவள் என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"திட்டாதீக டீச்சர். அஞ்சரைக்கு ஜீப்பு. வீட்டுல பெரியாளு இல்ல. உங்க மதினிகிட்ட சாவி இருந்தவரைக்கும் உள்ள படுக்க வச்சிருந்தாக."

எதில் படுக்க வைத்தார்கள் என்று கேட்டேன். பிள்ளைக்கு ஒரு சேலை என்று விரித்துப் போட்டு, ஏழு மணிவரைக்கும் தூங்கவிட்டு, எழுப்பிப் பல் விளக்க வைப்பார்களாம். தர்ஷினி சில நாள் நனைத்துவிடுவாளாம், அதை உடனே அலசிக் காயப்போட்டுவிடுவார்களாம். அந்தப் பச்சைச் சேலை தர்ஷினிக்காம்.

"இம்புட்டுப் புதுசா இருக்கே, ஏன்க்கா இதப் போடுறீகன்னு கேட்டேன். பனிக்கு இதுதான் தாங்கும், என் நாத்தனா எடுத்துக் குடுத்ததுல இது ஒண்ணுதான் உருப்படின்னாக."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பதா, என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ம் என்றேன். ஜீப் போய்விட்டது.

அண்ணன் வீட்டில் இருந்த என் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து வந்து திறந்தேன். பிள்ளைகள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே இரண்டாம் வகுப்புக்குப் போனார்கள். அவரவர்க்கு இடம் தெரிந்திருக்கிறது. வெறும் சிமெண்டுத் தரையில் வரிசையாகப் படுத்துக் காலை மடக்கிக்கொண்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக இந்தத் தரையில் நடந்து பாடம் எடுத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லையே.

செல்வி வந்ததும் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வண்ணாருக்குக் கொடுக்க உங்கள் துணிகளை வாசலில் குவித்து வைத்திருந்தார்கள். அந்த மூட்டையும் அவிழ்க்காமல் அதில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன். அண்ணன் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போ. ஜீப்புப் பிள்ளைகளுக்குத்தான?" என்றார்.

"உனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னா. வசந்தாவுக்குத் தெரிஞ்சுச்சுன்னா அவ ஆபீசுக்கு எழுதணும், எழுதுனா நிப்பாட்டிருவாக. எழுதாம விட்டு ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ வேல போயிரும். தெரியாமயே இருக்கட்டும், கேட்டாகன்னா தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சுக்கிருவான்னா."

"மெமோ குடுத்தப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

"நானும் சொன்னேன். குடுத்தது நல்லதாப் போச்சு, அவ பேரு சுத்தமா இருக்கும்ன்னு சொல்லிட்டா."

அண்ணன் காரிய வேலையைப் பார்க்க வெளியே போனார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ரோட்டில் நடக்கும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இந்தப் பாவிக்கு அதற்குக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. மூட்டை கனமாக இருந்தது, தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். எதிரே வந்த ஒரு தாத்தா என்ன டீச்சர், யாவாரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது பள்ளி நடக்கிற ஐந்து நாளும் அண்ணன் வீட்டில்தான் தங்குகிறேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முறைத்தார், அப்புறம் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். ஐந்தே காலுக்குக் கேட்டைத் திறக்கிறேன். எனக்கு உங்களைப்போல வராது. சேலையை விரித்தால் கோணல்மாணலாக விழுகிறது. பிள்ளைகளே இழுத்துச் சரிசெய்துகொள்கிறார்கள். ஏழு மணிக்கு எழுப்பினால் ஏலே, எந்திரிங்கலே என்று உங்கள் மாதிரி எனக்குக் குரல் எழும்பவில்லை. மேசையைத் தட்டுகிறேன். ஒரு ஜீப்காரரிடம் பேசி, பள்ளிச் சுவரைத் தாண்டி நிறுத்தி ஆள் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். தர்ஷினி இப்போது முதல் பாடவேளையில் தூங்குவதில்லை. ஈ வரைக்கும் வந்துவிட்டாள்.

மெமோ நகல் கோப்பில் இருக்கிறது. கிழித்துப் போடலாமா என்று ஒரு நாள் கையில் எடுத்தேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அதன் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது, கடைசியாக நீங்கள் போட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் காலை ஐந்தே காலிலிருந்து பள்ளிக்குள் இருக்க அனுமதி வேண்டும், பொறுப்பு முழுக்க என்னுடையது என்று எழுதி, முத்திரை குத்தி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினவர் படித்துப் பார்த்துவிட்டு, இது எப்போதிலிருந்து நடக்கிறது, உங்களுக்குத் தெரிந்தா நடந்தது என்று கேட்டார். நீங்கள் எனக்காகக் காப்பாற்றி வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருந்தால் என் பேர் சுத்தமாக இருந்திருக்கும்.

தெரியும் சார், ஆரம்பத்திலிருந்தே தெரியும், நான் சொல்லித்தான் என் மதினி செய்தார்கள் என்றேன். பொய்தான். அவர் அதை எழுதிக்கொண்டார்.

என்ன வரப்போகிறதோ தெரியாது. அனுமதி வரலாம், எனக்கே ஒரு மெமோ வரலாம். வரட்டும். இனி எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன், மதினி. சத்தியம்.

உங்கள் நாத்தனா,
வசந்தா