சருகுச் சட்டை

ஜூலை 2, புதன்

வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். இன்று காலை ஒரு செடிக்கு சலாம் வைத்தேன். புதுக் கண்ணாடிக் கூடத்துக்குள் மிஷின் பனிமூட்டத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்தில் யாரோ நின்றது தெரிந்ததும், சூப்பர்வைசர் உஸைர் பாய்தான் என்று நினைத்துவிட்டேன். பதில் வரவில்லை. கோபத்தில் இருக்கிறார் போல என்று இன்னொரு சலாமும் வைத்தேன்.

வெளியே துபாய் வெயிலில் செருப்பு இளகுகிறது. உள்ளே மலைச் செடிகளுக்காக ஏசியில் கடுங்குளிர்; நான் குரங்குக் குல்லாவோடு தோட்ட டியூட்டி. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால், "குடிச்சிருக்கீகளா?" என்கிறாள் என் வீட்டுக்காரி நாகவள்ளி.

ஜூலை 5, சனி

செடிகளோடு கொலம்பியாவிலிருந்து வந்த யோலண்டா மேடம் இன்று விளக்கம் சொன்னார். ஏசி மெக்கானிக் முரளிதரன் அதைத் தமிழில் சொன்னான். அவர்கள் ஊர் மலையில் மரம் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே ஒரு புல்வெளியாம். பாரமோ என்று பெயர். அங்கே பாசி, மூட்டத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கீழே இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீராக விடுமாம். நான் சலாம் வைத்த செடியின் பெயரைத் தமிழில் சொன்னால் 'பெரிய துறவி' என்று வரும். மூட்டத்தில் சாமியார் நிற்பதுபோல் தெரிவதால் வந்ததாம். அப்போ ஏமாந்த முதல் ஆள் நான் இல்லை. நிம்மதி.

அந்த மலையில் யாரும் சத்தம் போடமாட்டார்களாம். போட்டால் அங்கே உள்ள ஏரிக்குக் கோபம் வந்து, மூட்டம் இறங்கி வழியை மறைத்துவிடுமாம்.

"ஒங்களுக்கு அங்க விசாவே குடுக்கமாட்டாங்கண்ணே" என்றான் முரளி, என் ஓயாத வாயைத் தெரிந்தவன்.

ஜூலை 8, செவ்வாய்

தப்புப் பண்ணிட்டேன்.

ஒரு செடியின் தண்டைச் சுற்றி, அடிவரைக்கும் காய்ந்த இலை தொங்கியது. வெளியே பேரீச்சை மரத்தில் ஒரு காய்ந்த மட்டை தெரிந்தாலே உஸைர் பாய் கத்துவார். அந்தப் பழக்கம். மொத்தத்தையும் உரித்து, பையில் கட்டிவிட்டு, பெருமையாக மேடத்தைக் கூப்பிட்டேன்.

அவர் தண்டில் கை வைத்தபடி நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

முரளிதான் சொன்னான். "அண்ணே, அந்தச் சருகுதான் அதுக்குப் போர்வை. இனிமே ராத்திரிக் குளிர்ல தண்டு ஒறைஞ்சு, கொஞ்சங்கொஞ்சமாச் செத்துருமாம்."

மேடத்தின் அப்பா பிறக்கும் முன்பே முளைத்த செடியாம். என்ன செய்துவிட்டேன்!

ஜூலை 9, புதன்

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்கிறார் உஸைர் பாய். இரண்டு நாள் விடச் சொல்லிக் கெஞ்சினேன். என் ஒட்டகப் படக் கம்பளியைச் சுற்றிப் பார்த்தேன். மூட்டத்தில் நனைந்து ஈரச் சாக்காகிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

அந்தக் காலத்தில் இந்த இலையைத்தான் மெத்தைக்குள் அடைத்துத் தூங்குவார்கள் என்று மேடம் பேச்சுவாக்கில் சொன்னார். மனுஷனுக்கே கதகதப்பென்றால் — நான் கட்டிய பை எங்கே?

பெரிய குப்பைத் தொட்டியில். உஸைர் பாயிடம் சொன்னேன். என் ஏழு தலைமுறையையும் இந்தியில் திட்டிக்கொண்டே அவரே உள்ளே இறங்கித் தேடினார்.

கீழிருந்து மேலே, கூரை வேய்வதுபோல், சருகுகளை ஒன்றின்மேல் ஒன்று படியவைத்துக் கயிறு சுற்றினேன். மேடம் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. நான்கூட.

பிழைக்குமா என்று முரளியைக் கேட்கச் சொன்னேன். மேடம் கையை விரித்தார்.

ஜூலை 24, வியாழன்

உச்சி இலைகளும் துவண்டுவிட்டன. வந்ததும் முதலில் அதற்குத்தான் சலாம். இப்போது தெரிந்தே.

ஆகஸ்ட் 14, வியாழன்

நடுக்குருத்தில் புது இலை. ஆட்டுக்குட்டிக் காது மாதிரி வெள்ளை ரோமம். மேடம்தான் முதலில் பார்த்தார். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார்.

நாகவள்ளிக்கு வீடியோ கால் போட்டேன். குனிந்து காட்டும்போது போன் கைநழுவிப் பாசிக் குட்டைக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"பச்சப்பசேல்னு நல்லாத்தான் இருக்கு."

அவள் பார்த்தது குட்டைப் பாசியை என்று நான் திருத்தவில்லை. அவள் பேச்சு முடிந்தது. அப்புறம் போனும் முடிந்தது.